ஒரே நிக்கல் கலவை, வேறு வேறு செய்முறை: உலையில் நேர்மையாக ஒப்பிடுவது எப்படி

“இதுவும் 718, அதுவும் 718. அப்புறம் ஏன் இதற்கு மட்டும் உலையில் இந்தக் கதி?” என்ற கேள்வியோடு என் மேசைக்கு வரும் துண்டுகள் ஏராளம். 718 என்பது ஒரு நிக்கல் கலவையின் பெயர். உலையிலிருந்து வந்த மாதிரிகளை அறுத்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வார்ப்புத் துண்டு, ஒரு ஃபோர்ஜிங் துண்டு, லேசர் பிரிண்டிங்கில் செய்த ஒரு துண்டு என மூன்றையும் ஒன்றாக உலையில் வைத்து எடுத்திருப்பார்கள். ஆக்சிஜன் ஏறியதால் கூடிய எடையை மட்டும் பார்த்துவிட்டு, “பிரிண்டிங் தேறவில்லை” என்று முடிவும் கட்டியிருப்பார்கள். சில சமயம் அது சரியாகவே இருக்கும். பல சமயம் அவர்கள் ஒப்பிட்டிருப்பது செய்முறையை இல்லை, சொரசொரப்பை. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிக்கல் கலவை சூட்டில் தாக்குப்பிடிப்பது நிக்கலால் இல்லை. அதிலிருக்கும் குரோமியமோ அலுமினியமோ மேற்பரப்புக்கு வந்து, சில மைக்ரான் தடிமனில் ஆக்சைடு படலமாக மூடிக்கொள்வதால்தான். 718, 625, 617, ஹேஸ்டலாய் எக்ஸ் ஆகிய நிக்கல் கலவைகள் எல்லாம் குரோமியம் ஆக்சைடை நம்பி இருப்பவை. அலுமினியம் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும் டர்பைன் பிளேடு கலவைகள் அலுமினியம் ஆக்சைடை நம்புபவை. படலம் எவ்வளவு சீக்கிரம் முழுதாக மூடுகிறது, மூடிய பிறகு ஒட்டி நிற்கிறதா, உதிர்ந்தால் மறுபடி கட்டுவதற்கு அடியில் சரக்கு மிச்சம் இருக்கிறதா: இவ்வளவுதான் கேள்வி. செய்முறை இந்த மூன்றிலுமே கை வைக்கும்.

அது கை வைக்கும் வழிகளை நான் தோல், உடல் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். தோல் என்றால் மேற்பரப்பும் அதற்குக் கீழே உள்ள சில பத்து மைக்ரானும்: சொரசொரப்பு, அரைத்ததால் வந்த அழுத்தம், வெட்டியபோது உருகி ஒட்டிய படிவு, வெப்ப சிகிச்சையில் குரோமியம் இழந்த அடுக்கு. உடல் என்றால் உள்ளே இருப்பது: கிரெயினின் (உலோகத்தைக் கட்டும் சிறு படிகத்தின்) அளவும் திசையும், தனிமங்கள் ஒதுங்கியிருக்கும் விதம், துளைகள், சிறு அளவுத் தனிமங்கள். தோலில் இருக்கும் பிரச்சினையைச் சரிசெய்ய பெரும்பாலும் வழி உண்டு. உடலில் இருந்தால் வெப்ப சிகிச்சையையோ கலவையையோதான் மாற்ற வேண்டியிருக்கும். எந்தப் பக்கம் என்று தெரியாமல் சோதனை செய்வதில் பயனில்லை.

முதலில் காகிதம்

துண்டைத் தொடுவதற்கு முன் அதன் சான்றிதழைக் கேளுங்கள். விவரக்குறிப்பில் உள்ள வரம்புகள் போதாது, அந்த வார்ப்புத் தொகுதியில் அல்லது அந்தப் பவுடரில் உண்மையில் அளந்த எண்கள் வேண்டும். ஹேஸ்டலாய் எக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கானுக்கும் மாங்கனீசுக்கும் விவரக்குறிப்பு சொல்வது உச்சவரம்பு மட்டும், ஆளுக்கு 1 சதவீதம். லேசர் பிரிண்டிங்கில் இந்தக் கலவைக்கு வெடிப்பு விழும் என்பதால், பவுடர் செய்கிறவர்கள் இந்த இரண்டையும் வெகுவாகக் குறைத்துவிடுவது உண்டு. விதியை மீறவில்லை, பெயரும் மாறவில்லை. ஆனால் சிலிக்கான் படலத்துக்கு அடியில் ஒரு மெல்லிய காப்பு அடுக்காகச் சேரக்கூடியது. மாங்கனீசு படலத்தின் மேல் குரோமியத்தோடு சேர்ந்து ஸ்பினல் எனும் கூட்டு ஆக்சைடாகி, நீராவியில் குரோமியம் ஆவியாகிப் போவதைக் குறைக்கிறது. இரண்டும் இல்லாத துண்டை இரண்டும் உள்ள தகட்டோடு ஒப்பிட்டுவிட்டு செய்முறையைக் குறை சொன்னால் எப்படி?

கந்தகத்தையும் கட்டாயம் பாருங்கள். அலுமினியம் ஆக்சைடை நம்பும் கலவைகளில் சில பிபிஎம் (பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கந்தகமே படலத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் போய் உட்கார்ந்து ஒட்டுதலைக் கெடுக்கும். அதை 1 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவந்தால் ஒட்டுதல் கண்கூடாகத் தேறுகிறது. இட்ரியம், லாந்தனம், ஹாஃப்னியம் போன்றவற்றைச் சிட்டிகை அளவு சேர்ப்பதற்கு ஒரு காரணம், அவை கந்தகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது. அரிய மண் தனிமங்களின் இந்த நன்மைக்கு 1937லேயே பிஃபைல் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார், ஆகவே விஷயம் புதிதல்ல. புதிதாக வந்திருக்கும் கவலை பவுடரைப் பற்றியது. பவுடர் துகள்களின் மேற்பரப்பு மிக அதிகம், ஆக்சிஜனும் அதற்கேற்பக் கூடுதல். உருகும்போது அந்த ஆக்சிஜன் இட்ரியத்தையும் லாந்தனத்தையும் முதலில் பிடித்துக்கொள்ளும். சான்றிதழில் 0.02 சதவீதம் லாந்தனம் என்று இருந்தாலும் அதில் எவ்வளவு இன்னும் உலோகத்தில் கரைந்த நிலையில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. அதனால் பவுடர் வழித் துண்டுகளுக்கு ஆக்சிஜன், நைட்ரஜன் எண்களையும் சேர்த்து வாங்குங்கள்.

இன்னும் நான்கு கேள்விகள்: என்ன வெப்ப சிகிச்சை, எந்தச் சூழலில், ஹிப் (சூட்டில் வாயுவால் எல்லாப் பக்கமும் அழுத்துவது) செய்ததா, பிரிண்ட் செய்த திசை எது. இதில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் அறிக்கையில் அதை வெளிப்படையாக எழுதிவிடுவேன்.

வெட்டும்போதே கெடுத்துவிடலாம்

மாதிரித் துண்டுகளைப் பெரும்பாலும் வயர்கட்டில் (கம்பியின் மின்பொறியால் வெட்டும் முறை) தான் எடுக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் வயர்கட் முகத்தில் உருகி மறுபடி உறைந்த ஒரு அடுக்கு இருக்கும், சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரை. அதில் நுண்வெடிப்புகள் இருக்கும், பித்தளைக் கம்பி என்றால் தாமிரமும் துத்தநாகமும் ஒட்டியிருக்கும். இதை அப்படியே உலையில் வைத்தால் நீங்கள் சோதிப்பது கம்பியைத்தான். எல்லா வெட்டு முகங்களையும் அரைத்து எடுத்துவிடுங்கள். தொங்கவிடத் துளை போட்டால் அதன் உள்சுவரையும் பிசிறையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் மார்க்கர், கிரேயான், கந்தகம் கலந்த வெட்டு எண்ணெய். நிக்கலும் நிக்கல் சல்ஃபைடும் சேர்ந்த கலவை சுமார் 640 டிகிரியிலேயே உருகிவிடும். உங்கள் சோதனை 900 டிகிரி. எண் எழுதிய இடத்தில் மட்டும் குழி விழுந்திருக்கும் துண்டை ஒருமுறை பார்த்தால் யாரும் கிரேயானைக் கையில் எடுக்கமாட்டார்கள். அடையாளத்துக்கு ஒரு மூலையில் சின்ன வெட்டு போதும். கடைசியில் அசிட்டோன், பிறகு ஆல்கஹால். அதற்கு மேல் விரல் படக்கூடாது, விரலில் இருப்பதும் உப்புதான்.

பிரிண்ட் செய்த துண்டு என்றால் இரண்டு திசையிலும் மாதிரி எடுங்கள். லேசர் பவுடர் முறையில் கிரெயின்கள் கட்டும் திசையிலேயே நெடுக வளர்கின்றன. மேல்முகத்தில் கிரெயின் எல்லைகள் நேராக ஆழத்துக்கு இறங்கும். பக்கவாட்டு முகத்தில் அவை பெரும்பாலும் மேற்பரப்போடு சேர்ந்தே ஓடும். குரோமியம் மேலே வருவதும், ஆக்சிஜன் உள்ளே போய் அலுமினியத்தைப் பிடிப்பதும் இந்த எல்லைகள் வழியாக வேகமாக நடக்கும் என்பதால், ஒரே துண்டின் இரண்டு முகங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். சாய்வான அடிமுகம் இருந்தால் அதையும் தனியாக எடுங்கள். அதன் சொரசொரப்பே வேறு.

தோலோடு ஒன்று, தோல் நீக்கி ஒன்று

ஒவ்வொரு செய்முறையிலிருந்தும் இரண்டு வகை மாதிரி தயார் செய்யுங்கள். ஒன்று செய்தபடியே. இன்னொன்று எல்லா முகங்களும் அரைத்து, 1200 எண் எமரி தாள் வரை ஒரே மாதிரி முடித்தது. அரைத்தவை தங்களுக்குள் ஒத்துப்போய், செய்தபடி வைத்தவை மட்டும் வேறுபட்டால் பிரச்சினை தோலில். அரைத்த பிறகும் வேறுபாடு நின்றால் உடலில். நூறு எஸ்இஎம் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) படங்களைவிட இந்த ஒரு ஏற்பாடு எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அரைப்பது நடுநிலையான வேலை இல்லை. அரைத்த அழுத்தத்தில் மேல் சில மைக்ரான் குழம்பிப்போய், உலையில் அது மிக நுண்ணிய கிரெயின்களாக மறுபடிகமாகும். அத்தனை எல்லைகள் வழியாகக் குரோமியம் விறுவிறுவென்று மேலே வந்துவிடும், படலமும் சீக்கிரம் மூடும். மின்மெருகேற்றிய முகம் பார்வைக்கு அழகாக இருந்தும் சில கலவைகளில் அரைத்த முகத்தைவிட மோசமாக நடப்பது இதனால்தான். ஆகவே அரைப்பது எல்லாத் துண்டுக்கும் ஒரே கை, ஒரே தாள், ஒரே அழுத்தம். குறுகிய நேரச் சோதனை என்றால், அரைத்த அடுக்கு உடலின் வேறுபாட்டையே மறைத்துவிடும். வசதி இருந்தால் மின்மெருகேற்றிய ஒரு ஜோடியும் கூட வையுங்கள்.

பரப்பளவு: கணக்கில் பெரும் பிழை இங்கேதான்

எடை கூடுதலை ஒரு சதுர செ.மீ.க்கு இவ்வளவு மி.கி. என்று சொல்கிறோம். எந்தச் சதுர செ.மீ.? நீளத்தை அகலத்தால் பெருக்கியதா, உண்மையில் காற்றைத் தொடும் பரப்பா? அரைத்த துண்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பிரிண்ட் செய்த துண்டின் பக்கச் சுவரில் பாதி உருகிய பவுடர் உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருக்கும், உண்மைப் பரப்பு கணிசமாக அதிகம்.

சொரசொரப்புமானி தரும் ஆர்ஏ எண் இதற்கு உதவாது. அது உயர வேறுபாட்டின் சராசரி, பரப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒளியியல் அளவி தரும் எஸ்டிஆர் (தட்டைப் பரப்பைவிட உண்மைப் பரப்பு எவ்வளவு அதிகம் என்ற எண்) பரவாயில்லை, ஆனால் மேலிருந்து பார்க்கும் எந்தக் கருவிக்கும் உருண்டையின் அடிப்பக்கம் தெரியாது. நான் குறுக்குவெட்டில் மேற்பரப்புக் கோட்டின் உண்மை நீளத்தை அளக்கிறேன். அதை நேர்க்கோட்டு நீளத்தால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அதிலிருந்து 1ஐக் கழித்து, 1.27ஆல் பெருக்கி, மறுபடி 1ஐக் கூட்டினால் பரப்பு விகிதத்துக்கு நல்ல மதிப்பீடு கிடைக்கும். கோட்டு விகிதம் 1.6 என்றால் பரப்பு விகிதம் சுமார் 1.76.

பிரிண்ட் செய்த துண்டு 1.4 மி.கி., ஃபோர்ஜிங் துண்டு 0.8 மி.கி. கூடியது என்று வைத்துக்கொள்வோம். 1.4ஐ 1.76ஆல் வகுத்தால் 0.8. கலவை அதே வேலையைத்தான் செய்திருக்கிறது, பரப்புதான் அதிகம்.

இதனால் ஆபத்தில்லை என்று சொல்லிவிடவும் முடியாது, குறிப்பாக மெல்லிய சுவர்களில். கணக்குப் போட்டுப் பாருங்கள். எடை கூடுதல் 1 மி.கி. ஆக்சிஜன் என்றால் சுமார் 6 மைக்ரான் குரோமியம் ஆக்சைடு, அதற்குச் செலவான குரோமியம் 2.17 மி.கி. 22 சதவீதம் குரோமியம் உள்ள 0.3 மி.மீ. சுவர், இரு பக்கமும் காற்று: ஒரு பக்கத்தின் பங்குக்கு ஒரு சதுர செ.மீ.யில் ஏறக்குறைய 27 மி.கி. குரோமியம்தான் இருப்பு. மழமழப்பான சுவரில் செலவு 8 சதவீதம். அதே சுவர் சொரசொரப்பாக இருந்து பரப்பு 1.76 மடங்கானால் 14 சதவீதம். படலம் உதிர்ந்து உதிர்ந்து மறுபடி வளர்ந்தால் இருப்பு எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று நீங்களே ஊகிக்கலாம். அரைத்து நான்கு மி.மீ. தடிமனில் சோதித்த துண்டின் ஆயுளை இந்தச் சுவருக்கு எழுதித் தரும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

உடலில் எதைத் தேடுவது

வார்ப்பில் தேட வேண்டியது டென்ட்ரைட்டுகளுக்கு (உறையும்போது கிளைவிட்டு வளரும் படிகங்களுக்கு) இடையில் ஒதுங்கிய தனிமங்களையும் பெரிய கார்பைடுகளையும். நயோபியமும் டைட்டானியமும் மிகுந்த கார்பைடு மேற்பரப்பில் தலை காட்டினால் அது முதலில் ஆக்சைடாகி, பருத்து, படலத்தில் விரிசல் போட்டுவிடும். ஒதுக்கத்தின் அலைநீளம், அதாவது ஒரு ஒதுக்கத்திலிருந்து அடுத்ததற்கு உள்ள தூரம், இங்கே பல பத்து மைக்ரான். லேசர் பிரிண்டிங்கில் அது 1 மைக்ரானை ஒட்டியது. தனிமங்கள் பரவிச் சமமாக எடுக்கும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 50 மைக்ரானுக்கும் 1 மைக்ரானுக்கும் இடையே 2500 மடங்கு வேறுபாடு. பிரிண்டிங்கைத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சரியான வெப்ப சிகிச்சைக்குப் பிறகு, ஒதுக்கத்தைப் பொறுத்தவரை பிரிண்ட் செய்த துண்டு வார்ப்பைவிடச் சீராகவே இருக்கும். ஆனால் பவுடரோடு வந்த நுண் ஆக்சைடுகளும், உருகாமல் விட்ட அடுக்கு இடைவெளிகளும் வெப்ப சிகிச்சையில் போகாது. ஹிப் உள் துளைகளை மூடும். மேற்பரப்போடு தொடர்புள்ள துளையை மூடாது, அழுத்தும் வாயு அதற்குள்ளும் போய்விடுகிறதே. வாயு போகும் வழியில் ஆக்சிஜனும் போகும்.

ஃபோர்ஜிங், ரோலிங் துண்டுகளில் நுண் கிரெயின் என்றால் பொதுவாக நல்லது, படலம் சீக்கிரம் மூடும். பவுடரை அழுத்திச் செய்த துண்டுகளில் பழைய துகள் எல்லைகள் ஆக்சைடும் கார்பைடும் கோத்த வலைபோல் தெரிகின்றனவா என்று பாருங்கள். பவுடர்களை அரைத்தே கலக்கும் மெக்கானிக்கல் அலாயிங் முறையில் இட்ரியம் ஆக்சைடு தூவிச் செய்த எம்ஏ 754 தனி ரகம். 20 சதவீதம் குரோமியத்தோடு அது கட்டும் படலம் மெல்லியது, நன்றாக ஒட்டும். செய்முறையே அரிமானத்தைக் குறைத்ததற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

625 வெல்டிங் ஓவர்லே (வேறு உலோகத்தின் மேல் வெல்டிங்கில் போட்ட அடுக்கு) என்றால் டென்ட்ரைட்டின் நடுப்பகுதியை ஈடிஎஸ்ஸில் (தனிமங்களின் அளவைக் காட்டும் கருவி) பாருங்கள். மாலிப்டினமும் நயோபியமும் வெளிப்பக்கம் ஒதுங்கி, நடுப்பகுதி வற்றியிருக்கும். நிலக்கரிக் கொதிகலன் சுவர்களில் தாக்குதல் அந்த வற்றிய நடுப்பகுதியில்தான் தொடங்குகிறது. அடி உலோகத்திலிருந்து எவ்வளவு இரும்பு கலந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உலையில் வைக்கும்போது

காற்றில் ஒரே வெப்பநிலையில் வைப்பதற்கு ஐஎஸ்ஓ 21608, சூடேற்றி ஆறவிடும் சுழற்சிக்கு ஐஎஸ்ஓ 13573, உப்போ சாம்பலோ பூசிச் செய்வதற்கு ஐஎஸ்ஓ 17224. தரநிலையில் இருப்பதை இங்கே திருப்பி எழுதவில்லை. செய்முறைகளை ஒப்பிடுகிறவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை வேறு.

ஒவ்வொரு துண்டுக்கும் தனி மூசை (சூட்டைத் தாங்கும் கிண்ணம்), முன்கூட்டியே சுட்டு எடை நிலைத்தது. உதிர்ந்த ஆக்சைடு மூசையிலேயே கிடக்கட்டும், துண்டைத் தனியாகவும் மூசையோடும் எடை போடுங்கள். தனியாகப் போட்ட எடை ஏறவில்லை என்றால் அரிமானமே இல்லை என்று பொருளில்லை, படலம் கீழே உதிர்ந்து கிடக்கலாம். செய்முறை வாரியாக ஒரு வரிசையில் அடுக்காமல் கலந்து அடுக்குங்கள், உலையின் மூலைக்கும் நடுவுக்கும் வெப்பம் ஒன்றாக இருப்பதில்லை. மாலிப்டினம் அதிகமுள்ள கலவையை மற்றவற்றின் பக்கத்தில் வைக்க வேண்டாம். அதன் ஆக்சைடு ஆவியாகிப் பக்கத்துத் துண்டில் படியும்.

உப்புச் சோதனையில் சொரசொரப்பு இன்னொரு விதமாக ஏமாற்றும். சோடியம் சல்ஃபேட் 884 டிகிரியில் உருகும். நிக்கல் சல்ஃபேட் கலந்தால் 671லேயே உருகிவிடும். அதனால்தான் 900ஐ ஒட்டி ஒரு தாக்குதலும் 700ஐ ஒட்டி இன்னொரு தாக்குதலும் வருகின்றன. உருகிய உப்பு பள்ளத்தில் போய்த் தேங்கும். சராசரியாக 2 மி.கி. பூசினீர்கள் என்றாலும், உருண்டைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் அதைப்போல் சில மடங்கு இருக்கும், மேட்டில் ஒன்றுமே இருக்காது. இங்கே சராசரி எடைக்கு அர்த்தமே இல்லை. ஆழத்தைத்தான் அளக்க வேண்டும், அதுவும் அதிகபட்ச ஆழத்தை. இன்னொன்று: 8 சதவீதம் குரோமியம் உள்ள கலவை உப்பில் அழிகிறது என்றால் செய்முறையைத் தோண்டி நேரத்தை வீணாக்காதீர்கள், அது கலவையின் குறை.

குறுக்குவெட்டு

படலம் உதிராமல் இருக்க மேலே நிக்கல் பூசி, வெற்றிடத்தில் எபாக்சி ஊற்றுங்கள். உப்புச் சோதனைத் துண்டு என்றால் அரைப்பது, மெருகேற்றுவது எதிலும் தண்ணீர் கூடாது, சல்ஃபேட்டுகள் கரைந்து ஓடிவிடும். ஆல்கஹாலோ தண்ணீரில்லாத எண்ணெயோ பயன்படுத்துங்கள்.

செய்தபடி வைத்த பிரிண்டிங் துண்டில் நான் முதலில் போய்ப் பார்ப்பது உருண்டையின் கழுத்தை. சுமார் 30 மைக்ரான் உருண்டை, சுவரோடு ஒட்டிய இடம் சில மைக்ரான் அகலம். அதிலிருக்கும் குரோமியத்துக்கு அந்தக் குறுகிய கழுத்து வழியாகத்தான் சுவரிலிருந்து நிரப்பு வர வேண்டும். வராது. படலம் உருண்டையைச் சுற்றி வளர்ந்து, கழுத்தில் இரண்டு பக்கமிருந்தும் வந்து சந்தித்துவிடும். அதன் பிறகு உருண்டை தனித்தீவு. உள்ளே குரோமியம் தீர்ந்ததும் நிக்கலே ஆக்சைடாகத் தொடங்கும், மூசையின் அடியில் பச்சைத் தூள் தெரியும். எடைமானியில் இது பெரிய அரிமானமாகப் பதிவாகும். ஆனால் அந்த உருண்டைக்குக் கீழே உள்ள சுவரில் படலம் மெல்லிதாக, முழுதாக, ஒழுங்காக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். போனது உருண்டை, சுவர் அல்ல. அதனால் அளவைச் சுவரிலிருந்து எடுங்கள்: படலத்தின் தடிமன், அடியில் குரோமியம் வற்றிய அடுக்கின் ஆழம், கிரெயின் எல்லையில் இறங்கிய உள் ஆக்சைடின் ஆழம். சம இடைவெளியில் எடுத்து, சராசரியோடு உச்ச அளவையும் எழுதுங்கள். மோசமான இடத்தை மட்டும் தேடிப்பிடித்துப் படம் எடுப்பது ஒப்பீடு ஆகாது. நல்ல இடத்தை மட்டும் எடுப்பதும் அப்படித்தான்.

முடிவு எழுதும்போது, வேறுபாடு தோலில் என்றால் எவ்வளவு ஆழம் நீக்கினால் போதும் என்று மைக்ரானில் சொல்லுங்கள். உடலில் என்றால் எந்த வெப்ப சிகிச்சை, அல்லது எந்தத் தனிமத்தின் அளவு என்று குறிப்பிடுங்கள். உள் குழாய்வழிகள் உள்ள பாகமாக இருந்தால் மட்டும் அரைத்த மாதிரியின் எண்களை வடிவமைப்பாளருக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் குழாய்க்குள் எமரி தாள் போகப்போவதில்லை. அவருக்கு வேண்டியது செய்தபடி வைத்த, அதே சுவர்த் தடிமன் உள்ள மாதிரியின் எண்கள்.